சத்தம் தணிந்த சதர்ன் ராக்: ‘பிரைட்டர் தேன் கிரியேஷன்ஸ் டார்க்’ ஆல்பத்தைக் கேட்பது எப்படி

டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவை அறிந்தவர்கள், மூன்று கிதார்கள் ஒரே நேரத்தில் முழங்கும் அதன் ஆரவாரத்தைத்தான் முதலில் நினைவுகூர்வார்கள். அந்த ஆரவாரத்தை எதிர்பார்த்து அவர்களுடைய ‘பிரைட்டர் தேன் கிரியேஷன்ஸ் டார்க்’ ஆல்பத்தைக் கேட்கத் தொடங்குபவர், நான்கைந்து பாடல்களுக்குள் பொறுமையிழந்து அதை ஒதுக்கிவைத்துவிடக்கூடும். நியூ வெஸ்ட் நிறுவனம் 2008 ஜனவரி 22 அன்று வெளியிட்ட இந்த ஆல்பத்தில் 19 பாடல்கள் உள்ளன; முழுவதும் கேட்டு முடிக்க ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும்; பெரும்பாலான பாடல்கள் நிதானமான நடையில் செல்பவை. குழு களைத்துப்போனதால் வந்த நிதானம் அல்ல அது. சத்தத்தை எங்கே செலவிடுவது, எங்கே அடக்கிவைப்பது என்பதை இசைக்கலைஞர்கள் கவனமாகத் தீர்மானித்து உருவாக்கிய ஆல்பம் இது. கேட்பவரும் அந்தத் தீர்மானத்தைப் பின்தொடர்ந்து கேட்டால்தான் இதன் அருமை தெரியும். அதற்கான வழிமுறைகளையே இங்கு விளக்க முயல்கிறேன்.

முதலில் பழைய சத்தத்தைக் கேட்டுவிடுங்கள்

ஒரு குழு எதைக் குறைத்துக்கொண்டது என்று தெரியாமல், குறைத்ததன் பயனை உணர முடியாது. ஆகவே இந்த ஆல்பத்துக்குள் நுழைவதற்கு முன், 2001 இல் வெளிவந்த ‘சதர்ன் ராக் ஆப்பரா’ என்ற இரட்டை ஆல்பத்திலிருந்து மூன்று நான்கு பாடல்களையும், 2004 இல் வெளிவந்த ‘தி டர்ட்டி சவுத்’ ஆல்பத்திலிருந்து அதே அளவு பாடல்களையும் கேட்டுவிடுங்கள். முதலாவது ஆல்பம், 1977 அக்டோபரில் மிசிசிப்பி மாநிலத்தில் நிகழ்ந்த விமான விபத்தில் முக்கியக் கலைஞர்களை இழந்த லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் கதையைத் தழுவி, அமெரிக்கத் தென்பகுதியில் வளர்வதன் பெருமையையும் அவமானத்தையும் சேர்த்தே பேசுவது. ஸ்கினர்ட் குழுவைப் போலவே இவர்களும் மூன்று கிதார்களை அடுக்கி வாசித்தார்கள். சதர்ன் ராக் என்று சொல்லப்படும் இசைவகையின் இயல்பே அதுதான்: கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ், அமெரிக்கக் கிராமப்புற இசையான கன்ட்ரி ஆகியவற்றின் அடித்தளத்தின்மேல் உரத்த மின்கிதார்களையும் நீண்ட கிதார் உரையாடல்களையும் ஏற்றுவது.

குழுவை 1996 இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் தொடங்கியவர்கள் பேட்டர்சன் ஹூட், மைக் கூலி ஆகிய இருவர். இருவரும் அலபாமா மாநிலத்தின் மசில் ஷோல்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். 1985 முதல் சேர்ந்து இசைத்துவருபவர்கள். ஹூட்டின் தந்தை டேவிட் ஹூட், அந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற ஒலிப்பதிவுக்கூடங்களில் பேஸ் கிதார் வாசித்தவர். 1969 இல் மசில் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டுடியோவை நிறுவிய நால்வரில் ஒருவர். கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாடல் மரபிலிருந்து வந்த சோல் இசையில், பாடகருக்குப் பின்னால் அடக்கமாக வாசித்து, பாடலைத் தூக்கி நிறுத்தும் கலை அந்த ஊரின் சொத்து. இந்த ஆல்பத்தில் அந்த மரபு வெளிப்படையாகவே மேலெழுந்து வருகிறது.

2007 இல் என்ன மாறியது

2001 முதல் குழுவில் மூன்றாவது பாடலாசிரியராகவும் கிதார் கலைஞராகவும் இருந்த ஜேசன் இஸ்பெல் 2007 இல் விலகினார். அவர் எழுதிய பாடல்களுக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் இருந்ததால், இனி இந்தக் குழு என்ன ஆகும் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. அவருடைய இடத்தில் இன்னொரு மின்கிதார் கலைஞரைக் கொண்டுவந்து அதே முழக்கத்தைத் தொடராமல், அவ்வப்போது தங்களுடன் வாசித்துவந்த ஜான் நெஃபை அவர்கள் குழுவின் முழு உறுப்பினராக்கினார்கள். அவருடைய முதன்மைக் கருவி, கால்பெடல்களால் சுருதியை மாற்றி வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிதார். அதே ஆண்டு, ‘தி டர்ட் அண்டர்நீத்’ என்று பெயரிட்ட இசைப்பயணத்தில், பெருத்த ஒலிபெருக்கம் இல்லாமல், பாடல்களின் வரிகளும் மெட்டும் முன்னால் நிற்கும்படி நிதானமாக வாசித்தார்கள். விசைப்பலகைக் கலைஞர் ஸ்பூனர் ஓல்டாம் அந்தப் பயணத்தில் அவர்களுடன் சேர்ந்து வாசித்தார், ஆல்பத்திலும் வாசித்திருக்கிறார். புதிய பாடல்கள் அப்படிப்பட்ட சூழலில் பழுத்தவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஆல்பத்தின் போக்கு உங்களுக்கு விளங்கத் தொடங்கும். ஹூட்டும் கூலியும் அப்போது நாற்பது வயதைத் தொட்டவர்கள். குடும்பம், கடன், குழந்தை, மரணம் ஆகியவை அவர்களுடைய பாடல்களில் பின்னணியிலிருந்து நடுவீட்டுக்கு வந்துவிட்டன.

1990 களில் வேரூன்றிய ஆல்ட்-கன்ட்ரி இசை, கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரத்து வணிகப் பளபளப்பை விலக்கி, பழைய கன்ட்ரியின் எளிமையையும் பங்க் ராக்கின் நேர்மையையும் ஒன்றுசேர்க்க முயன்றது. இந்த ஆல்பத்தை அந்த வகையில் சேர்ப்பது தகும். ஆனால் அந்த அடையாளச் சீட்டைப் பற்றி நீண்ட நேரம் யோசிக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு அது பெரிதாக உதவாது.

கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

பாடல்களை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யும் ஷஃபிள் வசதியை அணைத்துவிடுங்கள். கேட்கும் செயலியில், எல்லாப் பாடல்களின் சத்தத்தையும் ஒரே அளவுக்குச் சமன்செய்யும் அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இந்த இரண்டாவது ஆலோசனையை மிகவும் வலியுறுத்துகிறேன். மெதுவான பாடலையும் முழக்கமான பாடலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், இந்த ஆல்பத்தின் கட்டுமானமே கலைந்துபோகும்.

சத்த அளவை முதல் பாடலை வைத்தே தீர்மானியுங்கள். ஹூட்டின் குரல், அதே அறையில் உங்களுக்கு எதிரே அமர்ந்து ஒருவர் பேசுவதைப் போன்ற அளவில் கேட்கும்வரை கூட்டுங்கள். அதன்பின் கடைசிவரை அதைத் தொடாதீர்கள். இரண்டாவது பாடலில் மின்கிதார்கள் பாய்ந்து வரும்போது குறைக்கத் தோன்றும்; குறைக்காதீர்கள். பன்னிரண்டாவது பாடல் வரும்போது அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைக்கும். முதல் முறை ஒலிபெருக்கியில் கேட்பதும், இரண்டாம் முறை ஹெட்ஃபோனில் கேட்பதும் நல்லது. தாளமும் மொத்த உணர்வும் அறைக்குள் பரவும்போது நன்றாகப் பிடிபடும். பெடல் ஸ்டீலின் நுட்பங்கள் காதருகில்தான் தெளிவாகக் கேட்கும்.

ஒரே அமர்வில் 19 பாடல்களையும் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் கருத்தில், பத்தாவது பாடலான ‘தி ஓப்பனிங் ஆக்ட்’ முடிந்ததும் நிறுத்திக்கொண்டு, மறுநாள் பதினொன்றாவதிலிருந்து தொடர்வதே சிறந்தது. அப்படிக் கேட்டால், இரண்டாவது பாதியில் வரும் கனமான பாடல்களைக் களைப்பில்லாத மனத்தோடு எதிர்கொள்ளலாம்.

குரல்களைப் பிரித்தறிதல்

இந்த ஆல்பத்தில் மூன்று பேர் எழுதிப் பாடுகிறார்கள்: ஹூட் ஒன்பது பாடல்கள், கூலி ஏழு, பேஸ் கிதார் கலைஞர் ஷோனா டக்கர் மூன்று. யார் பாடுகிறார் என்று அட்டையைப் பார்க்காமலே சொல்லப் பழகுவது நல்ல பயிற்சி. ஹூட்டின் குரல் கரகரப்பானது. உச்சத்துக்குப் போகும்போது விரிசல் விடும். அவர் பாடுவதைவிடக் கதைசொல்வதே அதிகம். கூலியின் குரல் ஆழமானது, அவசரப்படாதது. அவருடைய வரிகள் இறுக்கமானவை. ஒரு வரிக்குள் ஒரு கேலியும் ஒரு வேதனையும் அடங்கியிருக்கும். டக்கர் இந்தக் குழுவின் ஆல்பத்தில் தாமே எழுதிப் பாடியது இதுவே முதல் முறை. நான்காவது பாடலான ‘ஐ ஆம் சாரி ஹியூஸ்டன்’ வரும்போது, அதுவரை இரண்டு ஆண்குரல்களால் நிரம்பியிருந்த இடத்தில் ஒரு சன்னல் திறக்கிறது. அவருடைய மூன்று பாடல்களும் நான்கு, ஒன்பது, பதின்மூன்று என்று ஆல்பம் முழுவதும் இடைவெளிவிட்டு வைக்கப்பட்டுள்ளன. நடுவில் அவை இல்லாதிருந்தால், நீண்ட ஆல்பம் ஒரே நிறத்தில் நகர்ந்திருக்கும்.

பெடல் ஸ்டீலைக் கேட்கக் கற்றல்

இந்த ஆல்பத்தைக் கேட்கும் திறமையில் பாதி, ஜான் நெஃபின் பெடல் ஸ்டீலைக் கேட்கும் திறமைதான். ஆகவே அந்தக் கருவியைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வோம். ஹவாய்த் தீவுகளிலிருந்து பரவிய, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிதாரின் வழிவந்தது அது. கால்கள் பொருத்திய ஒரு மேசையைப் போல நிற்கும். பரவலாகப் பயன்படும் வகையில் பத்துத் தந்திகள் இருக்கும். வாசிப்பவர் இடது கையால் உருளை வடிவ உலோகத் துண்டு ஒன்றைத் தந்திகளின்மேல் நகர்த்தி, வலது கை விரல்களால் மீட்டுவார். கர்நாடக இசையில் சித்திரவீணை கேட்டவர்களுக்கு இந்த நழுவல் புதிதாக இராது. வீணையில் இருப்பது போன்ற சுரக்கட்டைகள் இல்லாத தந்திப் பரப்பில் ஓர் உருளையை வழுக்கி, ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு இடைவெளி தெரியாமல் போகும் முறை இரண்டுக்கும் பொதுவானது.

பெடல் ஸ்டீலுக்கே உரிய தனித்தன்மை கால்களிலும் முழங்கால்களிலும் இருக்கிறது. கீழேயுள்ள பெடல்களை அழுத்தினாலோ முழங்காலால் நெம்புகோலைத் தள்ளினாலோ, குறிப்பிட்ட சில தந்திகளின் சுருதி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். மற்றவை அசையாமல் நிற்கும். மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது, இரண்டு நிலைத்திருக்க ஒன்று மட்டும் மெல்ல நகர்ந்து புதிய இணக்கத்தை உருவாக்குவதை நீங்கள் கேட்கலாம். அழுகை என்று பலர் வர்ணிப்பது அந்த நகர்வைத்தான். வலது காலின் கீழ் இன்னொரு பெடல் ஒலியின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. தந்தியை மீட்டும் கணத்தில் ஒலியை அடக்கிவைத்து, பிறகு மெல்லத் திறந்துவிட்டால், மீட்டிய ஓசையே இல்லாமல் சுரம் எங்கிருந்தோ பிறந்து வருவது போலத் தோன்றும்.

இந்த இரண்டு அடையாளங்களையும், அதாவது ஒற்றைச் சுரத்தின் நகர்வையும் தொடக்கம் தெரியாத பிறப்பையும், ‘தி ஓப்பனிங் ஆக்ட்’ பாடலில் தேடுங்கள். ஏதோ ஒரு மதுக்கூடத்தில் முதலில் மேடையேறும் குழுவைப் பார்த்தபடி, ஊர் ஊராகப் பயணம் செய்யும் ஓர் இசைக்கலைஞனின் களைப்பைச் சொல்லும் நீண்ட பாடல் அது. ஹூட் வரியை முடித்து மூச்சு வாங்கும் இடங்களில் ஸ்டீல் நுழைகிறது. அவர் பேசத் தொடங்கியதும் பின்வாங்குகிறது. முழுப் பாடலையும் வரிகளைக் கவனிக்காமல் ஒருமுறை ஸ்டீலுக்காக மட்டுமே கேளுங்கள். அதன்பின் ‘லிசாஸ் பர்த்டே’ பாடலைக் கேட்டால், அதே கருவி மதுக்கூடங்களில் வளர்ந்த பழைய ஹாங்கி-டாங்க் கன்ட்ரி மரபில் எவ்வளவு வேறுவிதமாகத் துள்ளுகிறது என்பது தெரியும்.

விசைப்பலகையைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். ஸ்பூனர் ஓல்டாம் தம்மை மறைத்துக்கொண்டே வாசிப்பவர். பெர்சி ஸ்லெட்ஜ் 1966 இல் பதிவுசெய்த புகழ்பெற்ற காதல் பாடலில் ஒலிக்கும் ஆர்கனும், அரீத்தா ஃபிராங்க்ளின் 1967 இல் மசில் ஷோல்ஸ் வந்து பதிவுசெய்த பாடலின் தொடக்கத்தில் கேட்கும் மின்பியானோவும் அவருடைய கைவண்ணம். இந்த ஆல்பத்திலும் அவர் குறைவாகவே வாசிக்கிறார். ஒரு பாடலின் அடியில் ஏதோ ஒரு கதகதப்பு இருக்கிறது, ஆனால் அது எந்தக் கருவியென்று சொல்லத் தெரியவில்லை என்று தோன்றினால், பெரும்பாலும் அவருடைய விரல்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

வரிகளை எப்போது படிப்பது

முதல் முறை படிக்காதீர்கள். அலபாமா உச்சரிப்பு பழகாத காதுக்குச் சில சொற்கள் நழுவத்தான் செய்யும். இருந்தாலும் குரலின் தொனியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இரண்டாம் முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரே ஒரு பாடலுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதன் பின்னணியை முன்பே அறிந்துகொள்வது நல்லது.

முதல் பாடலான ‘டூ டாட்டர்ஸ் அண்ட் எ பியூட்டிஃபுல் வைஃப்’ ஒரு மெய்யான துயரத்திலிருந்து பிறந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், ஹவுஸ் ஆஃப் ஃப்ரீக்ஸ் என்ற இருவர் குழுவின் பாடகராக இருந்த பிரையன் ஹார்வி, 2006 ஆம் ஆண்டின் முதல் நாளில் மனைவியோடும் இரண்டு மகள்களோடும் தம் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார். அன்று அவர்கள் வீட்டுக்கு நண்பர்கள் விருந்துக்கு வரவேண்டியிருந்தது. ஹூட் அந்தக் கொடுமையைப் பாடவில்லை, கோபத்தையும் பாடவில்லை. இறந்தவர் சொர்க்கத்தின் வாயிலில் ஒன்றும் புரியாமல் நிற்கிறார். விருந்தினர்கள் வருவார்களே என்று நினைக்கிறார். தம் பிள்ளைகளையும் மனைவியையும் காண்கிறார். இவ்வளவுதான் பாடல். எழுத்துத் திறமையில் எனக்கு இந்த ஆல்பத்திலேயே மிக உயர்ந்ததாகத் தோன்றுவது இதுதான், ஏனென்றால் நடந்ததை அறிந்த ஒருவரால் எளிதாகச் சொல்லிவிடக்கூடிய எதையும் அவர் சொல்லவில்லை. பழைய டிரக்கர்ஸ் ஆல்பம் எதுவும் இப்படி அடங்கிய குரலில், இவ்வளவு பெரிய இழப்போடு தொடங்கத் துணிந்திருக்குமா என்பது ஐயமே.

வீட்டைப் பற்றிய பாடல்களை ஒரு வரிசையாகக் கவனித்துக்கொண்டு போகலாம். ‘தி ரைச்சஸ் பாத்’ பாடலில் கடனும் வண்டியும் சரிந்துவரும் குடியிருப்புமாக ஒரு நடுத்தர மனிதன் நேர்வழியில் நிற்கப் பாடுபடுகிறான். ‘டாடி நீட்ஸ் எ டிரிங்க்’ பாடல், வீட்டின் அழகையும் குழப்பத்தையும் ஒருசேரத் தாங்க முடியாத தகப்பனைப் பற்றியது. கூலியின் ‘பாப்’ பாடல் தாயைப் பார்த்துக்கொண்டு, மீன்பிடித்துக்கொண்டு, தனியே வாழும் ஒரு கிராமத்து மனிதனின் சித்திரம். ஊரார் அவனைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை நேரடியாகச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. ‘செல்ஃப் டிஸ்ட்ரக்டிவ் ஸோன்ஸ்’ பாடலை மட்டும் தனியாக நிறுத்திக் கேளுங்கள். 1990 வாக்கில் புதிய அலை ஒன்று எழுந்து, முடி வளர்த்த பழைய மெட்டல் குழுக்களையெல்லாம் அடித்துச்சென்ற காலத்தைப் பற்றியது அது. ஹூட்டும் கூலியும் அந்த ஆண்டில் ஆடம்ஸ் ஹவுஸ் கேட் என்ற தங்கள் முந்தைய குழுவோடு ஓர் ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள். அது 2018 வரை வெளிவரவே இல்லை. அந்தப் பாடலில் வரும் கிண்டல், அந்தக் காலத்தை உள்ளிருந்து கண்டவரின் கிண்டல் என்பதை அறிந்தால் அதன் கசப்பும் பிடிபடும்.

பன்னிரண்டு முதல் பதினான்கு வரை

சத்த அளவைத் தொடாதீர்கள் என்று சொன்னதற்கான காரணம் இங்கே இருக்கிறது. பன்னிரண்டாவது பாடலான ‘தட் மேன் ஐ ஷாட்’ போர்க்களத்தில் ஒருவனைச் சுட்டுக் கொன்ற படைவீரனின் தன்மைக் கூற்று. தன்னைக் கொல்ல வந்தவனைத்தான் சுட்டேன் என்ற நியாயம் அவனிடம் இருக்கிறது. அந்த நியாயம் அவனுக்கு ஆறுதல் தரவில்லை. ஈராக் போர் ஐந்தாவது ஆண்டில் இருந்தபோது வெளிவந்த பாடல் இது. இங்கே மின்கிதார்கள் பழைய பலத்தோடு திரும்பி வருகின்றன. பதினொரு பாடல்களாகப் பெரும்பாலும் அடக்கிவைத்த சத்தம் முழுவதும் ஒரு மனிதனின் தலைக்குள் சுழலும் நினைவாக மாறிவிடுகிறது. ஆல்பம் முழுவதும் இப்படி முழங்கியிருந்தால் இந்தப் பாடல் தனித்துத் தெரிந்திருக்காது.

அடுத்து டக்கரின் ‘தி பர்கேட்டரி லைன்’ மங்கலான, மிதக்கும் ஒலியோடு வருகிறது. அதன்பின் பதினான்காவதாக ‘தி ஹோம் ஃப்ரன்ட்’, அதே போரை வீட்டிலிருந்து பார்க்கிறது. காத்திருக்கும் மனைவியின் நாட்களை அது தாழ்ந்த குரலில் சொல்கிறது. மூன்றையும் இடைநிறுத்தாமல் கேட்க வேண்டும். நடுவிலுள்ள பாடலைத் தாண்டிச் சென்றுவிட்டால், களத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஆல்பம் வேண்டுமென்றே வைத்திருக்கும் தொலைவு மறைந்துவிடும்.

இதற்குப் பின் வேகம் சற்றுத் தளர்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. போதைப்பொருள் பழக்கத்தைப் பற்றிய பதினாறாவது பாடல் எனக்கு முழுமையடையாத குறிப்பாகவே தோன்றுகிறது. அதைத் தாண்டிச் சென்றாலும் பெரிய இழப்பில்லை. ஆனால் கூலியின் ‘எ கோஸ்ட் டு மோஸ்ட்’ பாடலைத் தவறவிட்டுவிடாதீர்கள். நடுத்தர வேகத்தில், நிமிர்ந்த மெட்டோடு வரும் அது, ராக் குழுவாகவும் கன்ட்ரி குழுவாகவும் ஒரே நேரத்தில் இருப்பது எப்படி என்பதை இந்த ஆல்பத்திலேயே மிகத் தெளிவாகக் காட்டுகிறது. கடைசிப் பாடலான ‘தி மான்யுமென்ட் வேலி’, திரைப்பட இயக்குநர் ஜான் ஃபோர்டு தொடுவானத்தைச் சட்டகத்தில் எங்கே வைப்பது என்று ஓர் இளைஞருக்குச் சொல்வதிலிருந்து தொடங்குகிறது. ஒரு குழு தன் கலையைப் பற்றித் தானே பேசும் பாடலாக அதைக் கேட்கலாம். எதைப் பெரிதாகக் காட்டுவது, எதற்கு வெளியை விடுவது என்ற கேள்விதான் இந்த 19 பாடல்களையும் வடிவமைத்திருக்கிறது.

தயாரிப்பாளர் டேவிட் பார்பின் பங்கையும் கவனியுங்கள். சுகர் என்ற குழுவில் பேஸ் வாசித்தவர். டிரக்கர்ஸின் பல ஆல்பங்களைப் பதிவுசெய்தவர். பிராட் மார்கனின் டிரம்ஸ் ஒரு மெய்யான அறையில் வாசிக்கப்படுவது போலவே ஒலிப்பதற்கும், குரல்கள் அளவுக்கு மீறி மெருகேறாமல் இருப்பதற்கும் அவருடைய தீர்ப்பு முக்கியக் காரணம். அட்டை ஓவியத்தை வரைந்தவர் ரிச்மண்டைச் சேர்ந்த வெஸ் ஃப்ரீட். இசைத்தட்டாக வாங்கினால் அந்த ஓவியத்தை உரிய அளவில் பார்க்கலாம். நாள்தோறும் கேட்பதற்கு வசதி முக்கியம் என்றால் குறுந்தகடு போதும். 19 பாடல்களும் ஒரே தட்டில் அடங்கிவிடுகின்றன.

ஆல்பம் பிடித்துப்போனால், அடுத்து 2007 இல் வெளிவந்த பெட்டி லவெட்டின் ‘தி சீன் ஆஃப் த கிரைம்’ ஆல்பத்தைக் கேளுங்கள். மசில் ஷோல்ஸில் உள்ள ஃபேம் ஸ்டுடியோவில், இதே குழு ஒரு மூத்த சோல் பாடகிக்குப் பின்னணியாக நின்று வாசித்தது அது; ஸ்பூனர் ஓல்டாமும் டேவிட் ஹூட்டும் அதில் இருக்கிறார்கள். மற்றொருவரின் குரலுக்கு இடம்விட்டு வாசிக்கும் ஒழுக்கத்தை அங்கே கேட்டுவிட்டு, மீண்டும் இந்த ஆல்பத்தின் மூன்றாவது பாடலிலிருந்து ஆறாவது வரை கேட்டுப் பாருங்கள். முதல் முறை வெற்றிடமாகத் தோன்றிய இடங்களில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதை இப்போது உங்களால் பெயர் சொல்லியே குறிப்பிட முடியும்.